கழுத்தில் தண்டுவடம் அழுந்தும்போது வரும் மலப் பிரச்சினைகள்: முழுமையான வழிகாட்டி

கழுத்து எலும்பு தேய்ந்து தண்டுவடத்தை அழுத்துகிறது என்று எம்ஆர்ஐயில் வந்துவிட்டால், கை மரத்துப்போகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று எல்லா மருத்துவர்களும் கேட்பார்கள். மலம் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்பவர்கள் குறைவு. இந்த நோயின் கடுமையை அளக்கப் பரவலாகப் பயன்படும் எம்ஜேஓஏ மதிப்பெண்ணில் மொத்தம் 18 புள்ளிகள் (புள்ளி குறையக் குறைய பாதிப்பு அதிகம்): கை அசைவுக்கு 5, கால் அசைவுக்கு 7, உணர்ச்சிக்கு 3, சிறுநீருக்கு 3. மலத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஆகவே அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு மறைத்தால் நோயின் கடுமை குறைவாகவே பதிவாகும்.

குடலுக்கும் கழுத்துக்கும் என்ன தொடர்பு?

பெருங்குடலின் சுவருக்குள்ளேயே ஒரு நரம்பு வலை இருக்கிறது. தண்டுவடம் முழுவதும் பழுதானாலும் அது மெதுவாகவாவது மலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும். பெருங்குடலின் முற்பகுதிக்கு வேகஸ் நரம்பு மூளையடியிலிருந்து நேராக இறங்கி வருகிறது. அது தண்டுவடத்துக்குள் போவதில்லை என்பதால் கழுத்து அழுத்தம் அதைத் தொடாது. சிக்கல் இருப்பது பிற்பகுதியில். இடப்பக்கப் பெருங்குடல், மலக்குடல், ஆசனவாயின் சுருக்குத் தசை ஆகிய மூன்றையும் தண்டுவடத்தின் அடிநுனியில் உள்ள எஸ்2 முதல் எஸ்4 வரையிலான பகுதி நடத்துகிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் சேதியும், மூளையிலிருந்து வரும் உத்தரவும் கழுத்து வழியாகத்தான் போய்வர வேண்டும்.

கழுத்தில் அந்தப் பாதை நெரிந்தால், அடிநுனி மையம் கெடுவதில்லை. மேலிடத்தோடு அதற்கிருந்த தொடர்பு அறுகிறது, அவ்வளவுதான். இதனால் நான்கு விஷயங்கள் நடக்கின்றன. மலக்குடல் நிரம்பிய உணர்வு மங்குகிறது அல்லது தாமதமாக வருகிறது. முக்கும்போது தளர வேண்டிய சுருக்குத் தசை இறுகியே நிற்கிறது. மலக்குடல் ஓரளவு நிரம்பியதும், உங்களைக் கேட்காமலே அனிச்சையாகச் சுருங்கிவிடலாம். பெருங்குடலின் ஓட்டமும் மந்தமாகிறது. ஒரே ஆளுக்கு நான்கு நாள் கட்டிக்கொள்வதும், ஐந்தாம் நாள் கழிப்பறைக்குப் போவதற்குள் ஆகிவிடுவதும் இப்படித்தான். இரண்டும் வெவ்வேறு நோய் அல்ல.

இடுப்புப் பகுதியில் நரம்பு வேர்கள் நசுங்கினால் கதை வேறு. அங்கே அடி மையத்தோடு உள்ள தொடர்பே போய்விடுவதால் சுருக்குத் தசை தொளதொளத்துப்போகும், அனிச்சைச் சுருக்கமும் இருக்காது. மருத்துவர் கையுறை விரலால் ஆசனவாயைச் சோதித்தாலே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கழுத்துப் பிரச்சினை என்றால் தசை இறுக்கமாகவும் அனிச்சை உயிரோடும் இருக்கும். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். கீழே சொல்லும் முறை முழுவதும் அனிச்சை வேலை செய்கிறது என்ற அடிப்படையில்தான் நிற்கிறது. அனிச்சை இல்லாதவருக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும், வெளியேற்றும் முறையும் வேறு.

படி 1: அவசரமா, இல்லையா?

கீழே உள்ளவற்றில் ஒன்று புதிதாக வந்தாலும் அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

- மலம் அல்லது சிறுநீர் தெரியாமலே போவது; சிறுநீர் வராமல் அடிவயிறு கனப்பது
- பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை மரத்துப்போவது
- நாள் கணக்கில் அல்லது மணிக்கணக்கில் கால் பலவீனம் கூடுவது
- விழுந்தபின் அல்லது கழுத்தில் அடிபட்டபின் கை கால் பலம் குறைவது
- காய்ச்சலோ, ஏற்கெனவே புற்றுநோய் வந்த வரலாறோ இருந்து, கழுத்து வலியோடு மேற்சொன்ன ஏதாவது சேர்வது

வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து எதையும் விழுங்கக் கூடாது. அடைப்புக்கு மேலே அழுத்தம் ஏறி நிலைமை மோசமாகும்.

படி 2: கழுத்துதான் காரணமா என்று பார்ப்பது

கழுத்து அழுத்தத்தில் மலப் பிரச்சினை பெரும்பாலும் முதல் அறிகுறியாக வருவதில்லை. சட்டைப் பித்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, படி இறங்கும்போது கால் விறைப்பது, தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்ந்த மாதிரி இருப்பது, சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் ஓடுவது ஆகியவை வழக்கமாக முன்னால் வரும். இவை எதுவும் இல்லாமல் மலச்சிக்கல் மட்டும் இருந்தால், எம்ஆர்ஐயில் கழுத்துத் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக அதன் மேல் பழி போட வேண்டாம். நடுவயதைத் தாண்டிய பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும். அது வேறு, தண்டுவடம் நசுங்குவது வேறு.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, ஐம்பதை ஒட்டிய வயதில் திடீரென்று மாறிய மலப் பழக்கம் இருந்தால் குடலையே பரிசோதிக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, கால்சியம் ரத்தப் பரிசோதனைகளும் தேவை.

அடுத்து மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கழுத்து நோயாளியின் மலச்சிக்கலில் பாதிப் பங்கு அங்கேயே கிடப்பதுண்டு. வலிக்குத் தரும் டிரமடால் போன்ற ஓபியாய்டுகள், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், பிரீகபாலின், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் எல்லாமே குடலை மந்தமாக்கும். இவற்றில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது ஆக்சிபியூட்டினின். சிறுநீர் அவசரத்துக்காக அதை எழுதித் தருவார்கள். அது சிறுநீர்ப்பையை அடக்குகிற வழியிலேயே குடலையும் அடக்கிவிடும். மலக்குடல் நிரம்பிக் கெட்டியானால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும், சிறுநீர் அவசரம் இன்னும் கூடும், மருந்தின் அளவும் ஏறும். இந்தச் சுழலை அறுக்க மருத்துவரிடம் மாற்று மருந்து கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

படி 3: இரண்டு வாரக் குறிப்பேடு

நினைவிலிருந்து சொல்வது எப்போதும் தப்பாகவே இருக்கும். தினமும் ஒரு வரி எழுதினால் போதும்: நேரம், மலத்தின் வடிவம், அளவு, எத்தனை நிமிடம் ஆனது, முக்க வேண்டியிருந்ததா, கசிவு உண்டா, அன்று எடுத்த மருந்து. மலத்தின் வடிவத்தை 1 முதல் 7 வரையிலான பிரிஸ்டல் அளவில் குறியுங்கள். 1 என்றால் தனித்தனி உருண்டைகள், 4 என்றால் வழவழப்பான மென்மையான உருளை, 7 என்றால் வெறும் தண்ணீர்.

ஒரு வரி இப்படி இருக்கலாம்: "காலை 7.40. வடிவம் 2. சிறு அளவு. 35 நிமிடம். மிகவும் முக்கினேன். மாலை 4 மணிக்கு உள்ளாடையில் தண்ணீர்க் கசிவு."

இந்த ஒரு வரியிலேயே ஒரு நோயறிதல் ஒளிந்திருக்கிறது. காலையில் கல் மாதிரி கொஞ்சம், மாலையில் தண்ணீராகக் கசிவு. இது வயிற்றுப்போக்கு இல்லை. மேலே கட்டிக்கிடக்கும் கெட்டி மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர் வழிகிறது. இதற்குப் பேதியை நிறுத்தும் லோபரமைடு போட்டால் அடைப்பு இறுகும்.

படி 4: தேங்கியதை முதலில் காலி செய்வது

எத்தனை நல்ல அட்டவணை போட்டாலும் மலக்குடலில் பழைய கட்டி உட்கார்ந்திருந்தால் பலிக்காது. மருத்துவர் விரலால் சோதித்தோ, வயிற்று எக்ஸ்ரே பார்த்தோ தேக்கத்தை உறுதி செய்வார். பிறகு மேக்ரோகால் பொடி, அதாவது பாலிஎத்திலீன் கிளைக்கால், சில நாட்களுக்குத் தினசரி அளவைவிடப் பல மடங்கு தரப்படும். அந்த அளவை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். கீழே கல்லாக இறுகியிருந்தால் முதலில் கீழிருந்து இளக்கியோ கையால் எடுத்தோ வழி திறப்பார்கள். பாஸ்பேட் எனிமாவை வீட்டில் வாங்கித் திரும்பத் திரும்பப் போடுவது ஆபத்து. முதியவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ரத்த உப்புகள் நிலைகுலையும்.

படி 5: மலத்தின் பதம்

இலக்கு பிரிஸ்டல் 4. 1, 2 என்றால் வெளியே வராது. 6, 7 என்றால் அனிச்சைக் குடல் அதைத் தடுத்து நிறுத்தாது, கசியும்.

"நார்ச்சத்தை அள்ளிச் சாப்பிடு" என்ற வழக்கமான அறிவுரை இங்கே அப்படியே செல்லாது. குடல் ஓட்டம் மந்தமாக இருக்கும்போது நாரைக் கூட்டினால் மலத்தின் பருமன்தான் கூடும், நகராது. நாளுக்கு 15 கிராம் அளவில் தொடங்கி, குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றலாம். வயிறு உப்பினால் ஒரு படி இறங்குங்கள். தண்ணீரும் போதிய அளவு வேண்டும். சிறுநீர் அவசரத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் நிறைய. அவர்களுடைய மலம்தான் முதலில் கல்லாகிறது.

மேக்ரோகால் 17 கிராமை ஒரு தம்ளர் தண்ணீரில், சுமார் 240 மி.லி.யில் கலக்கி நாளுக்கு ஒருமுறை குடிப்பது வழக்கமான தொடக்கம். பலன் தெரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். மறுநாளே இளகவில்லை என்று இரட்டிப்பாக்கினால் மூன்றாம் நாள் வெள்ளமாகப் போகும். லாக்டுலோஸும் இளக்கும், ஆனால் காற்று அதிகம் சேரும். இவை இளக்கும் மருந்துகள். குடலைத் தள்ளும் மருந்து வேறு: சென்னா எடுத்தால் 8 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். காலை 8 மணிக்கு உட்காரப் போகிறவர் முந்தைய இரவு 9 மணிக்கு எடுக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இசப்கோல் உமி பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. கழுத்தின் முன்பக்கம் வழியாக அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் விழுங்குவது சிரமமாக இருக்கலாம். அந்த நிலையில் உமி தொண்டையிலேயே ஊதிப் பெருத்து அடைத்துக்கொள்ளும். விழுங்குவது சீராகும்வரை அதைத் தொடாதீர்கள்.

படி 6: நேரம் குறித்து வெளியேற்றுவது

இந்த முறையின் இதயம் இதுதான். உணர்வு வரட்டும் என்று காத்திருக்காமல், முக்காமல், உயிரோடு இருக்கும் அனிச்சையை நாமே ஒரு குறித்த நேரத்தில் தூண்டுகிறோம். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், எப்போதும் அதே நேரம். காலைதான் என்று கட்டாயமில்லை. உதவிக்கு ஆள் இருக்கும் நேரமே நல்ல நேரம்.

1. சாப்பிட்டு, சூடாக எதையாவது குடியுங்கள். வயிறு நிரம்பினால் பெருங்குடல் சுருங்கும். இந்த அலை 20 முதல் 30 நிமிடத்தில் கைகொடுக்கும். தண்டுவடம் பாதித்தவர்களில் சிலருக்கு அது பலவீனமாக இருக்கலாம், ஆனாலும் விட்டுவிட வேண்டாம்.

2. கீழ் மலக்குடலில் மலம் இருந்தால் கையுறை விரலால் மெல்ல எடுத்துவிட்டு, பிசகோடில் 10 மி.கி. அல்லது கிளிசரின் சப்போசிட்டரியை, அதாவது ஆசனவாய் வழியாக வைக்கும் மாத்திரையை, மலக்குடலின் சுவரை ஒட்டி வையுங்கள். மலத்துக்குள் குத்தி வைத்தால் மருந்து சுவரைத் தொடாது, வேலை செய்யாது. "சப்போசிட்டரி எனக்குப் பிடிக்கவில்லை" என்று கைவிட்டவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

3. 15 முதல் 30 நிமிடம் காத்திருங்கள். எழுந்து நிற்கத் தடுமாறுபவர்கள் இடது பக்கமாகப் படுத்துக் காத்திருக்கலாம்.

4. கமோடில் உட்காருங்கள். பாதத்துக்கு ஒரு தாழ்ந்த பலகை. முட்டி இடுப்பைவிடச் சற்று உயரமாக. இடுப்பிலிருந்து முன்னால் சாயலாம், கழுத்து மட்டும் நேராக இருக்கட்டும். தலையைப் பின்னால் அண்ணாந்து முக்கினால், கழுத்தில் ஏற்கெனவே குறுகிய தண்டுவடப் பாதை இன்னும் குறுகும். கழுத்துப் பட்டை போடச் சொல்லியிருந்தால் கழிப்பறையில் கழற்றாதீர்கள்.

5. வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் தொடங்கி, மேலேறி, குறுக்கே போய், இடது கீழ்ப்பக்கம் இறங்கும்படி உள்ளங்கையால் கடிகாரச் சுற்றில் நீவிவிடுங்கள்.

6. மலம் வரவில்லை என்றால் அடுத்து சொல்லும் விரல் தூண்டல்.

மொத்த வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும், மூலமும் வரும்.

படி 7: விரல் தூண்டல்

முதல் தடவை செவிலியர் அல்லது மறுவாழ்வு மருத்துவர் சொல்லிக்கொடுத்துத்தான் செய்ய வேண்டும். நகம் வெட்டி, மோதிரம் கழற்றி, கையுறை போட்டு, நீரில் கரையும் ஜெல்லைத் தாராளமாகத் தடவுங்கள். ஆள்காட்டி விரலை ஆசனவாயில் மெதுவாக வைத்து, தசை தானாக இளகும்வரை ஒரு நொடி பொறுத்திருங்கள். பிறகு இரண்டு மூன்று செ.மீ. உள்ளே விட்டு, சுவரைத் தொட்டபடியே 15 முதல் 20 நொடி வட்டமாகச் சுற்றுங்கள். எப்போதும் ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. உள்தசை நெகிழ்வதும் காற்று பிரிவதும் விரலுக்கே தெரியும். விரலை எடுத்துவிட்டு 5 முதல் 10 நிமிடம் காத்திருந்து, தேவைப்பட்டால் மறுபடி செய்யலாம்.

எப்போது நிறுத்துவது? பத்து நிமிட இடைவெளியில் இருமுறை தூண்டியும் ஒன்றும் வராவிட்டால், சளி மட்டும் வந்தால், அல்லது விரலைச் சுற்றித் தசை இறுக மூடிக்கொண்டால் வேலை முடிந்தது.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், ரத்தத் தட்டணு குறைந்தவர்கள், ஆசனவாயில் வெடிப்போ சமீபத்திய அறுவையோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. உணர்வு நன்றாக இருப்பவர்களுக்கு இது வலிக்கும். கழுத்து அழுத்தம் பெரும்பாலும் அரைகுறைப் பாதிப்புதான் என்பதால், பலருக்கு சப்போசிட்டரியும் நேர ஒழுங்குமே போதும், விரல் தேவைப்படாது.

தலை வெடிப்பது போல வலித்தால்

நடுமுதுகின் டி6 மட்டத்திலோ அதற்கு மேலேயோ (கழுத்தும் இதில் அடங்கும்) தண்டுவடம் பலமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு, மலக்குடல் விரிவதோ விரல் தூண்டலோ ரத்த அழுத்தத்தைக் கட்டுக்கடங்காமல் ஏற்றிவிடலாம். அடிபட்டு முழுமையாகச் செயலிழந்தவர்களிடம்தான் இது அதிகம். அரைகுறைப் பாதிப்பில் குறைவு என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மண்டையைப் பிளக்கும் வலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேல் வியர்வை, மூக்கடைப்பு, நாடி மெதுவாவது ஆகியவை அடையாளம். கழுத்தில் தண்டுவடம் பாதித்தவர்களுக்கு இயல்பான மேல் அழுத்தமே 90 முதல் 110 வரை இருக்கக்கூடும். ஆகவே 140 என்பதுகூட அவர்களுக்கு ஆபத்தான ஏற்றம்தான். இயல்பைவிட 20 முதல் 40 புள்ளி ஏறினால் சந்தேகப்படுங்கள்.

உடனே விரலை எடுத்துவிட்டு, நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். முதலில் சிறுநீர்ப்பையைப் பாருங்கள்: குழாய் போட்டிருந்தால் மடங்கியிருக்கிறதா, நிரம்பியிருக்கிறதா? சில நிமிடத்தில் இறங்காவிட்டால் அவசர ஊர்திதான். ஏற்கெனவே ஒருமுறை வந்தவர்களுக்கு, அடுத்த தடவை தொடங்கும் முன் 2 சதவீத லிடோகேயின் ஜெல்லைத் தடவிச் சில நிமிடம் பொறுத்துத் தொடங்கும்படி மருத்துவர் சொல்வார்.

கையும் காலும் ஒத்துழைக்காதபோது

பல வழிகாட்டிகள் மறந்துபோகிற இடம் இது. குடலைக் கெடுத்த அதே அழுத்தம் விரல்களையும் கெடுத்திருக்கிறது. சப்போசிட்டரியின் உறையைப் பிரிக்கவே முடியாத கையிடம் விரல் தூண்டல் செய்யச் சொல்வது வீண்பேச்சு. பிடி வைத்த சப்போசிட்டரி செருகி, நீளக் கைப்பிடி கொண்ட துடைப்பான், தண்ணீர் பீய்ச்சும் குழாய் ஆகியவற்றைத் தொழில்முறைச் சிகிச்சையாளரிடம் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) கேளுங்கள். அவையும் முடியாவிட்டால் பராமரிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

கசிவு என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் தாமதம்தான். மலம் வருவது தெரிகிறது, ஆனால் விறைத்த காலோடு கழிப்பறைக்குப் போய், மரத்த விரலால் பித்தானைக் கழற்றுவதற்குள் ஆகிவிடுகிறது. இதற்கு மாத்திரை கிடையாது. பித்தான், கொக்கி, நாடா எதுவும் இல்லாத எலாஸ்டிக் இடுப்பு உடை, கட்டிலருகே கமோடு நாற்காலி, சுவரில் கைப்பிடி, இரவில் வழிநெடுக விளக்கு. அவசரத்தில் ஓடி விழுந்து கழுத்தில் அடிபட்டால் நசுங்கிய தண்டுவடம் தாங்காது. உடை நனைந்தாலும் பரவாயில்லை என்று நிதானமாக நடப்பதே மேல். கசிவு உள்ளவர்கள் தோலைக் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பு பூசிக்கொள்ளலாம்.

சரிப்படவில்லை என்றால்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் மூன்று முதல் ஐந்து தடவை அதே முறையைச் செய்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். உணவு, மருந்து, நேரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

நேரத்துக்கு வெளியே கசிகிறதா? பெரும்பாலும் முழுதாகக் காலியாகவில்லை, அல்லது இளக்கும் மருந்து அதிகம். வடிவம் 4 இருந்தும் வரவில்லையா? தள்ளும் மருந்தின் நேரம் தப்பு, அல்லது சப்போசிட்டரி மலத்துக்குள் போயிருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறதா? ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவும் கருவி முறை உண்டு. குடல் கிழியும் ஆபத்து அரிதென்றாலும் இருக்கிறது என்பதால், பயிற்சி பெற்ற செவிலியரிடம் கற்றபின்தான் வீட்டில் தொடங்க வேண்டும்.

இதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, முறையில் எதையும் மாற்றாமலே கெட்டுப்போனால் கழுத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அழுத்தம் கூடியிருக்கலாம். கழுத்தை நெட்டி முறிப்பது, திருப்பி இழுப்பது மாதிரியான வைத்தியத்துக்கு இந்த நோயில் எந்தக் காலத்திலும் இடம் கொடுக்காதீர்கள்.

அறுவைக்கு முன்னும் பின்னும்

மிதமான, கடுமையான பாதிப்புக்கு அறுவையே பரிந்துரை. எம்ஜேஓஏ கணக்கில் 14-ம் அதற்குக் கீழும். முதன்மை நோக்கம் மேலும் கெடாமல் நிறுத்துவது. கை, நடை முன்னேறுவது போலவே குடலும் சிலருக்கு முன்னேறும், சிலருக்கு அப்படியே நிற்கும். நீண்ட நாள் நசுங்கிக்கிடந்த தண்டுவடத்துக்குத் திரும்பும் திறன் குறைவு. மலப் பிரச்சினையை முதலிலேயே சொல்லச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

அறுவைக்குப் போகும் முன் குறிப்பேட்டின் கடைசி இரண்டு வாரத்தை மயக்க மருத்துவரிடமும் வார்டு செவிலியரிடமும் கொடுங்கள். முடிந்த அன்றே ஓபியாய்டு வலி மருந்து தொடங்கும். அதோடு சேர்த்தே சென்னாவையும் தொடங்கும்படி கேளுங்கள். மூன்று நாள் கட்டியபின் கேட்டால் படி 4-இலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியிருக்கும். வலி மருந்து குறையக் குறைய மலமிளக்கியையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டை போட்ட கழுத்தோடு கழிப்பறைக்கு ஓட வேண்டிவரும்.